பருப்பு வேகாத கிணறு

பள்ளிப் பாடப்புத்தகங்களில் நீர் மாசு ஒரு பாடம், நீர்ப் பற்றாக்குறை இன்னொரு பாடம். முதல் பாடத்தில் சாக்கடையும் ஆலைக் குழாயும் படமாக இருக்கும். அடுத்ததில் வெடித்த நிலமும் காலிக் குடமும். முடிவில் ஓர் அறிவுரை: குழாயை இறுக மூடு, பல் துலக்கும்போது தண்ணீரை வீணாக்காதே. நல்ல பழக்கம்தான். ஆனால் பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலோ இடுக்கியின் மறையூர்ப் பக்கமோ வளரும் பிள்ளைக்கு இது போதாது. கோடையில் அந்த வீடுகளில் வீணாக்கும் அளவுக்குத் தண்ணீர் இருப்பதில்லை. தவறு தன் கையில்தான் என்று அந்தப் பிள்ளையை நம்பவைப்பது நியாயமும் இல்லை.

மாசும் பற்றாக்குறையும் ஒரே வாளியில் ஏறி வந்த ஊர் ஒன்று இந்த எல்லையில் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகக் கேரளத்துக்குள் போனால் சற்று தூரத்தில் பிளாச்சிமடை. சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சி. எரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் நிறைந்த ஊர். வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான் பேச்சு. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை வளாகத்துக்குள் ஆழ்துளைக் கிணறுகள் போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள்.

இரண்டு ஆண்டுக்குள் சுற்றுவட்டாரப் பெண்கள் சில மாற்றங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். கிணற்றில் தண்ணீர் கீழே போகிறது. சேந்திய தண்ணீர் உப்புக் கரிக்கிறது. சோறும் பருப்பும் முன்போல வேகவில்லை. சோப்புப் போட்டால் நுரை வரவில்லை. குளித்தால் உடம்பு அரிக்கிறது, கண் எரிகிறது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டுப் போராட்டம் தொடங்கியது. அதன் முகமாக ஆனவர் மயிலம்மா என்ற எரவாளர் பெண். 2007இல் அவர் இறந்தார்.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனத்துக்கும் எளிய மக்களுக்கும் நடந்த போராட்டமாக மட்டும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அறிவியல் வகுப்புக்கு முக்கியமான இடம் அதற்கு முன்னால் வருகிறது. நுரை வரவில்லை, பருப்பு வேகவில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னவை நல்ல வேதியியல் சோதனை முடிவுகள். ஆய்வகமோ கருவியோ அவர்களிடம் இல்லை. அடுப்பும் துவைகல்லும்தான் இருந்தன. நாள்தோறும் ஒரே கிணற்றில் சேந்தி, ஒரே பானையில் பொங்கியதால் மாற்றம் கண்ணில் பட்டது.

கொங்கு நாட்டிலும் பாலக்காட்டுக் கிழக்கிலும் இந்த மாதிரித் தண்ணீரைச் சப்பைத் தண்ணி என்பார்கள். வேதியியலில் கடின நீர். பாறையிலிருந்து கால்சியமும் மெக்னீசியமும் அதில் கரைந்திருக்கும். சோப்பில் உள்ள கொழுப்பு அமிலத்தை இவை பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத வெள்ளைத் திரியாக மாற்றிவிடும். துணியில் ஒட்டிக்கொள்ளும் பிசுக்கு அதுதான். எல்லாக் கால்சியமும் இப்படித் தீர்ந்த பிறகு மிஞ்சும் சோப்புதான் நுரைக்கும். பருப்பின் கதையும் இதற்கு நெருக்கம். பருப்பின் செல் சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் வேகும்போது கரைய வேண்டும். கால்சியம் அதிகமாக இருந்தால் பெக்டினோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடும். எத்தனை விறகு வைத்தாலும் பருப்பு மலராது.

இதை ஐந்தாம் வகுப்பிலேயே செய்து காட்டலாம். மூடி உள்ள ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிப் பாட்டில்கள், ஒரு சொட்டு மருந்துக் குழாய், ஒரு துண்டு சலவை சோப்பு போதும். சோப்பைச் சீவி மழைநீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். முதல் பாட்டிலில் மழைநீர், அடுத்ததில் பள்ளிக் கிணற்று நீர், மூன்றாவதில் யாராவது வீட்டிலிருந்து கொண்டுவந்த போர் தண்ணீர். மூன்றும் ஒரே அளவு. சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் மூடிக் குலுக்க வேண்டும். விரலளவு நுரை எழும்பி ஒரு நிமிடம் நிற்க எத்தனை சொட்டு ஆனது என்று எண்ண வேண்டும். மழைநீர் சில சொட்டிலேயே நுரைத்துவிடும். போர் தண்ணீரில் பால் கலந்தாற்போல வெண்மை படரும், திரிகள் மிதக்கும், நுரை மட்டும் வராது. எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கே பொறுமை போய்விடும். பிறகு அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மறுபடி சோதிக்கலாம். சொட்டுகள் குறைந்தால் பைகார்பனேட்டால் வந்த கடினம். பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி. குறையாவிட்டால் சல்பேட்டும் குளோரைடும் காரணம்.

ஆசிரியர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சலவைத் தூளும் ஷாம்பூவும் இந்தச் சோதனைக்கு உதவாது. கடின நீரிலும் நுரைப்பதற்காகவே செய்யப்பட்டவை அவை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம். சொட்டு எண்ணிக்கை இந்த எண்ணைத் தராது. போன மாதத்தைவிட இந்த மாதம் கூடியதா குறைந்ததா என்பதைச் சொல்லும். பிளாச்சிமடையில் வேண்டியிருந்ததும் அந்த ஒப்பீடுதான்.

இனி, தண்ணீர் குறைந்ததும் கெட்டதும் எப்படி ஒன்றாக நடக்கும்? சித்தூர்ப் பகுதியின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மேலே சில மீட்டர் சிதைந்த மண்ணும் சரளையும், அதற்குக் கீழே பாறை வெடிப்புகள். மழைநீர் மேலடுக்கில்தான் தங்குகிறது. வெடிப்புகளுக்குள் நெடுங்காலம் கிடந்த நீரில் பாறையின் உப்புகள் கூடுதலாகக் கரைந்திருக்கும். மேலடுக்கின் புது நீர் வேகமாக வடிந்தால், கிணற்றுக்கு வந்து சேர்வதில் பழைய நீரின் பங்கு கூடும். அளவு குறையும்போதே தரமும் கெடுவதற்கு இது ஒரு வழி. மேலே கொட்டும் கழிவு மழையோடு இறங்கிக் கலப்பது இன்னொரு வழி.

இதைப் பார்க்க ஒரு பெட்டி செய்யலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் கழுவிய மணலை நிரப்பி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். துளை போட்டு அடியில் துணி கட்டிய இரண்டு குழாய்களைப் பக்கச் சுவரை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் நட வேண்டும். ஒன்று வீட்டுக் கிணறு, மற்றது ஆழ்துளைக் கிணறு. இரண்டாவதில் கை கழுவும் திரவப் பாட்டிலின் அமுக்கு பம்பைச் செருகித் தண்ணீரை எடுக்கத் தொடங்கினால், தொடாத முதல் குழாயிலும் நீர் இறங்கும். பம்பு இல்லாத வீட்டின் கிணறு வற்றுவது எப்படி என்று அதற்குப் பிறகு விளக்கவே வேண்டாம். அடுத்து, டப்பாவின் மூலையில் மணல்மேல் நாலைந்து சொட்டுப் பேனா மை விட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பம்பை அமுக்கச் சொல்லுங்கள். மை நேராகக் கீழே போகாது, பம்பு இருக்கும் பக்கம் சாய்ந்து நகரும். இழுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மாசும் போகும். இந்த ஒரு பெட்டியால் பாடப்புத்தகத்தின் இரண்டு பாடங்களும் ஒன்றாகிவிடும். நீர் பற்றி ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் உண்டு என்றால், இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஆலை தரப்பு வேறு காரணம் சொன்னது: மழை குறைந்தது, அதனால் கிணறு இறங்கியது. இதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. மழை குறைந்தாலும் கிணறு இறங்கும், பக்கத்தில் பம்பு ஓடினாலும் இறங்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் மழைக் கணக்கும் கிணற்றுக் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில், ஆண்டுக்கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

மழை குறைவு என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கேரளத்தின் சராசரி மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். சித்தூரின் கிழக்குப் பகுதிக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் விட்டுப்போவதால் மேகத்தை மேலே தள்ளும் சுவர் அங்கே இல்லை. தமிழ்நாட்டுப் பக்கத்து வறண்ட காற்றும் அதே வாசல் வழியாக உள்ளே வருகிறது. மறையூரிலும் காந்தளூரிலும் காரணம் நேர்மாறு. அங்கே மலை இருப்பதாலேயே மழை இல்லை. மூணாறு பக்கம் கொட்டித் தீர்த்த காற்று, மலையேறி இறங்கும்போது வெறுங்கையோடு வருகிறது. சின்னாறு காட்டில் முட்செடி வளர்வது அதனால்தான். அங்கே ஓடும் பாம்பாறு மேற்கே போகாமல் கிழக்கே இறங்கி அமராவதிக்கு வருகிறது. ஒரே மாநிலம், ஒரே பருவமழை, ஒரே தமிழ் பேசும் இரண்டு ஊர்ப் பிள்ளைகள். வறட்சிக்கு மட்டும் இரண்டு காரணம். வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகவே எல்லைப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு கிணற்று நோட்டு வேண்டும் என்பது என் வாதம். முனையில் கல் கட்டிய கயிறு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடி நின்ற பிறகு அளந்தால் கிணறு இன்னும் ஊறிக்கொண்டிருக்கும், எண் பொய் சொல்லும். மழைக்கு, கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிய நேர்ச்சுவர் பாட்டில் போதும். அடி வளைவைக் கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டு நிரப்பி அங்கே பூஜ்யம் என்று குறித்துக்கொள்ளலாம். வாரம் ஒரு வரி: தேதி, மழை, நீர்மட்டம், சோப்புச் சொட்டு. ஐந்தாம் வகுப்பு தொடங்கியதை அடுத்த ஐந்தாம் வகுப்பு தொடர வேண்டும். நோட்டின் மதிப்பே அதன் நீளத்தில் இருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் முந்தைய சில கணக்கெடுப்புகளில் சித்தூர் வட்டாரம் ‘அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது’ என்ற பட்டியலில் இடம்பெற்றது. அது வட்டாரத்துக்கு மொத்தமாகச் சொன்ன தீர்ப்பு. என் தெருக் கிணறு என்ன ஆனது என்பதைத் தெருவில் இருப்பவர்கள்தான் எழுத முடியும்.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பாசார் கிராமம் இதைப் பெரியவர்கள் அளவில் செய்து காட்டியது. அந்தந்த ஆண்டு பெய்த மழையையும் கிணறுகளின் மட்டத்தையும் பார்த்து, எவ்வளவு நீர் இருக்கிறது, அதற்கு எந்தப் பயிர் வைக்கலாம் என்று கிராம சபை முடிவு செய்கிறது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்பது அங்கே ஊர்க் கட்டுப்பாடு. அங்கே பெய்வது சித்தூரைவிடவும் குறைந்த மழை.

தீர்வுகளையும் கணக்காகவே சொல்லிக்கொடுக்கலாம். 100 சதுர மீட்டர் கூரைமேல் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1,00,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு தெறித்தும் ஆவியாகியும் போனால்கூட 80,000 லிட்டர் மிஞ்சும். ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளுக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்கு 275. 80,000ஐ 275ஆல் வகுத்தால் 290 நாள். கரும்பலகையில் இந்த விடை வரும்போது வகுப்பு ஒரு கணம் நம்பாமல் பார்க்கும். அவ்வளவு பெரிய தொட்டிக்கு எங்கே போவது என்று ஒரு பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். பக்கத்து மாவட்டமான திருச்சூரில் 2008இல் தொடங்கிய ‘மழைப்பொலிமா’ திட்டத்தின் விடை எளிமையானது: தொட்டி ஏற்கெனவே இருக்கிறது, அது வீட்டுக் கிணறு. கூரை நீரைக் குழாய் வழியே இறக்கி, வடிகட்டி, திறந்த கிணற்றுக்குள் விட்டார்கள். முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் வெளியே திருப்பிவிட வேண்டும்.

ஆனால் கிணற்றில் நீர் ஏறிவிட்டால் மட்டும் குடிக்க முடியாது. கேரளத்துக் கிணறுகளில் மலக் கிருமி கலப்பது பரவலான தொல்லை. வீட்டு மனை சிறிது, கிணறும் கழிப்பறைக் குழியும் அருகருகே. கட்டட விதி 7.5 மீட்டராவது தள்ளியிருக்கச் சொல்கிறது. அடிகளால் அளந்து பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் வீட்டில் பெரிய விவாதத்தையே கிளப்பிவிடுவார்கள். 1982இல் மஞ்சா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனை இதற்கு உதவும். மருந்து ஊறிய காகிதம் உள்ள குப்பியில் தண்ணீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக் கலப்பு இருக்கும் நீர் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். கறுத்த குப்பியை ஆசிரியர் கையுறையோடு எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிய பிறகே கொட்ட வேண்டும். பிள்ளைகள் அதைத் திறக்கக் கூடாது.

பள்ளிக் கருவியால் எது தெரியாது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். பிளாச்சிமடை ஆலையின் சேற்றுக் கழிவு உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2003 ஜூலையில் பிபிசி வானொலி அந்தக் கழிவை இங்கிலாந்தின் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்க வைத்தபோது ஈயமும் கேட்மியமும் இருப்பது வெளியே வந்தது. சோறும் சோப்பும் எத்தனை கூர்மையான சாட்சிகளாக இருந்தாலும் கேட்மியத்தை அவற்றால் சொல்ல முடியாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, நுரையைத் தடுக்காது. சிறுநீரகத்தில் சேர்ந்து பல்லாண்டுகள் தங்கும். குடிநீரில் அதற்கு அனுமதி லிட்டருக்கு 0.003 மில்லிகிராம், பத்து லட்சம் லிட்டரில் மூன்று கிராம். இடுக்கியில் உடும்பன்சோலை, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்தும் இந்த வகைதான். மருந்தடித்த தெளிப்பானை ஓடையில் கழுவினால் கீழே சேந்துகிறவருக்கு ஓடை தெளிவாகவே தெரியும். ஓடை தெளிவாக இருக்கிறது, அதனால் நல்லது என்ற எண்ணத்தை இந்த மலைப் பிள்ளைகள் மனதிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். அங்கே சோதனை ஆய்வகத்தின் வேலை. பிள்ளைகளின் வேலை வேறு: எந்த ஓடையில், எந்த மாதத்தில், எந்தத் தோட்டத்துக்குக் கீழே தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று வரைபடத்தில் குறித்துக் கொடுப்பது.

பெரிய வகுப்புக்கு நீதிமன்றம் இருக்கிறது. பெருமாட்டி ஊராட்சி 2003 ஏப்ரலில் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் மக்களின் சொத்து, அரசு அதன் காப்பாளர் மட்டுமே, பிறர் பங்கையும் சேர்த்து உறிஞ்ச நிலத்தின் உரிமையாளருக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரல் 7 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தன் நிலத்தடி நீரை எடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று சொல்லி, நிபுணர் குழு அறிக்கையின் அடிப்படையில் நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. 55 லிட்டர் கணக்கில் அது 9,090 பேரின் ஒரு நாள் தண்ணீர். ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றிருந்தது, மறுபடி ஓடவில்லை. 2010இல் மாநில அரசின் உயர்மட்டக் குழு பகுதி மக்களின் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாய மசோதா 2011இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017இல், ஆலையைத் திரும்பத் திறக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் அங்கே சொன்னதோடு அது முடிந்தது. நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் யாருடையது என்ற கேள்விக்கு அந்த வழக்கில் விடை வரவில்லை.

ஒன்பதாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 2003 தீர்ப்பையும் மறு பாதிக்கு 2005 தீர்ப்பையும் கொடுங்கள். மணல் பெட்டி மேசைமேல் இருக்கட்டும், கிணற்று நோட்டு கையில் இருக்கட்டும். ஒரே விதி: நோட்டிலிருந்து ஓர் எண்ணாவது எடுத்துக் காட்டாமல் யாரும் பேசக் கூடாது. வாதம் முடிந்ததும் இரண்டு பக்கமும் சொன்ன எண்களைத் தொகுத்து அடுத்த கிராம சபைக்கு ஒரு மனுவாக அனுப்பலாம். கேரள மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயின் பாலசபை என்ற பிள்ளைகள் மன்றம் இயங்கும் ஊர்களில் அதைப் பிள்ளைகளே கொண்டுபோய்ப் படிக்கலாம்.